கலீனா தோல் கடையில் ஒரு கேப்டன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளை வெற்றிக்கு இட்டுச் சென்றவர், பின்னர் இருமுறை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் என்ற அளவில் யுலிஸிஸ் கிராண்ட்டின் பெயரை உங்களுள் பலர் அறிந்திருப்பீர்கள். ஐம்பது டாலர் நோட்டில் காணப்படும் தாடி வைத்த முகம் அவருடையதே. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது அந்தப் புகழ்பெற்ற தளபதியைப் பற்றி அன்று. போர் மூள்வதற்கு முந்தைய ஓராண்டுக் காலம், இல்லினாய் மாநிலத்தின் கலீனா என்னும் சிற்றூரில், தந்தைக்குச் சொந்தமான கடையில் சேணமும் கடிவாளமும் விற்றுக்கொண்டிருந்த ஒரு முன்னாள் கேப்டனைப் பற்றியும், அவரை அந்தக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்த குடும்பத்தைப் பற்றியுமே பேசப் போகிறேன்.

அந்தக் குடும்பத்தின் அமெரிக்க வாழ்வு 1630-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸ் கரையில் இறங்கிய மேத்யூ கிராண்ட், பின்னர் கனெக்டிகட்டின் வின்ட்சர் குடியிருப்பில் நிலம் அளப்பவராகவும் ஊர்ப் பதிவேடுகளைப் பேணுபவராகவும் நெடுங்காலம் வாழ்ந்தார். அவர் வழிவந்த நோவா கிராண்ட் 1756-இல், பிரெஞ்சுக்காரருக்கு எதிரான போரில் மாண்டார். அதே பெயரைத் தாங்கிய அவருடைய மகன் விடுதலைப் போரில் பங்கேற்றதாகக் குடும்பத்தார் வழிவழியாகப் பெருமையோடு சொல்லிவந்தார்கள். இந்த இரண்டாம் நோவா மேற்கு நோக்கிப் பெயர்ந்து, பென்சில்வேனியாவில் சில காலம் இருந்துவிட்டு ஒஹாயோவுக்கு வந்து சேர்ந்தார். சேர்த்து வைக்கும் குணம் அவருக்கு இருந்ததில்லை என்று பேரனே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். 1805-இல் நோவாவின் மனைவி இறந்ததும் வீடு கலைந்தது, பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் வளர நேர்ந்தது.

அப்படி வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுள் ஒருவர்தான் ஜெஸ்ஸி ரூட் கிராண்ட், நம் கேப்டனின் தந்தை. தாய் இறந்தபோது அவருக்கு வயது பதினொன்று. கென்டக்கியில் இருந்த தம் மாற்றாந்தாய்ச் சகோதரரிடம் தோல் பதனிடும் தொழிலைக் கற்றுக்கொண்ட ஜெஸ்ஸி, அடிமைகள் இருக்கும் மண்ணில் வாழ விருப்பமில்லை என்று ஒஹாயோவுக்குத் திரும்பி, ஓவன் பிரவுன் என்பவரின் வீட்டில் தங்கி அவருடைய தோல் கூடத்தில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் அப்போது சிறுவனாகத் திரிந்த ஜான் பிரவுன்தான், பிற்காலத்தில் அடிமைகளைத் திரட்டிப் போராட முனைந்து, 1859-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கித் தூக்கிலேறியவர். அடிமை முறையை வெறுத்த ஜெஸ்ஸி முதுமையில் அடிமை மாநிலமான கென்டக்கியிலேயே குடியேறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும், வியாபாரம் அங்கே இழுத்தது.

ஜெஸ்ஸி பேச்சில் வல்லவர், பிடிவாதக்காரர், கைக்கு வந்த காசை எளிதில் விடாதவர். சிதறிப்போன குழந்தைப் பருவம் அவரைச் சேர்த்து வைக்கும் மனிதராக்கியது என்று நான் எண்ணுகிறேன். 1821-இல் ஹன்னா சிம்ப்சனை மணந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரல் 27 அன்று ஒஹாயோ ஆற்றங்கரையில் பாயின்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் மூத்த மகன் பிறந்தான். விரைவில் குடும்பம் ஜார்ஜ்டவுனுக்கு மாறியது. அங்கே ஜெஸ்ஸி சொந்தமாகத் தோல் கூடம் அமைத்தார். நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோலைப் பதனிட்டது போல அங்கே ஓக் மரப்பட்டையைப் பயன்படுத்தினார்கள். அதை அரைத்துத் தொட்டிகளில் இட்டு, சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோல்களை அந்தச் சாற்றில் மாதக்கணக்கில் கிடத்த வேண்டும். வீட்டுக்கு மிக அருகே நடந்த அந்த வேலையின் நாற்றமும் இரத்தமும் சிறுவன் யுலிஸிஸுக்கு வாழ்நாள் முழுதும் ஆறாத அருவருப்பை உண்டாக்கின. கருகும்வரை வேகாத இறைச்சியை அவரால் உண்ண முடிந்ததில்லை. தோல் கூடத்திலிருந்து தப்பிக்க அவர் கண்ட வழி குதிரைகள். வண்டியோட்டி விறகும் சரக்கும் ஏற்றிவரும் வேலைகளை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்.

குதிரை தொடர்பாக அவரே சொல்லியுள்ள ஒரு நிகழ்ச்சி உண்டு. எட்டு வயதளவில் ஒரு குதிரைக்குட்டியை வாங்கத் தந்தை அவரை அனுப்பினார். முதலில் இருபது டாலர் கேள், மறுத்தால் இருபத்திரண்டரை, அதற்கும் மறுத்தால் இருபத்தைந்து என்று கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். பையன் விற்பவரிடம் போய் அந்த மூன்று படிகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டான். குட்டி எந்த விலைக்கு வந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். ஊர்ப் பையன்களின் கேலி பல காலம் ஓயவில்லை.

1839-இல் தந்தை முயன்று வாங்கித்தந்த இடத்தில் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து, 1843-இல் பயிற்சி முடித்தார் யுலிஸிஸ். மெக்சிகோ போரில் நான்காம் காலாட்படையின் குவார்ட்டர்மாஸ்டராகப் பணியாற்றினார். கோவேறு கழுதைகள், கூடாரங்கள், உணவு, துணிமணி எல்லாவற்றையும் நேரத்திற்குச் சேர்ப்பிப்பது அப்பதவியின் வேலை. படைப்பிரிவின் பொது நிதி வற்றிப்போனபோது, அவர் ஒரு ரொட்டிக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, மெக்சிகோக்காரர்களை வேலைக்கு அமர்த்தி, படைக்கு ரொட்டி சுட்டுத் தரும் ஒப்பந்தத்தையும் பெற்று, இரண்டு மாதங்களில் தமக்குப் போர்க்காலம் முழுதும் கிடைத்த சம்பளத்தைவிட அதிகமான தொகையை அந்த நிதிக்கு ஈட்டித் தந்தார். வியாபாரம் தெரியாத மனிதர் என்று அவரை எழுதுபவர்கள் இந்தச் செய்தியைப் பெரும்பாலும் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். பிறர் பொருளைப் பெருக்க அவருக்குத் தெரிந்திருந்தது. தமக்கென்று பேரம் பேசத்தான் வரவில்லை.

இதற்குச் சான்று அடுத்த சில ஆண்டுகளிலேயே கிடைக்கிறது. 1848-இல் மிசௌரியைச் சேர்ந்த ஜூலியா டென்ட்டை மணந்தார். மணமகள் வீட்டில் அடிமைகள் இருந்ததால் மணமகனின் பெற்றோர் திருமணத்திற்கு வரவில்லை. பின்னர் மனைவி மக்களைப் பிரிந்து பசிபிக் கரையோரத்தில் பணியாற்ற நேர்ந்தபோது, அவர்களை வரவழைக்கப் பணம் சேர்ப்பதற்காகச் சக அதிகாரிகளோடு பல வியாபாரங்களில் இறங்கினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிய பனிக்கட்டிக் கப்பல் எதிர்காற்றில் தாமதித்தது, அதற்குள் வேறு கப்பல்கள் சரக்கை இறக்கி விலையைச் சரித்துவிட்டன. உருளைக்கிழங்கு பயிரிட்டார், கொலம்பியா ஆறு பெருகிப் பெரும்பகுதியை அழித்தது. அந்த ஆண்டு அனைவருமே கிழங்கு பயிரிட்டிருந்ததால் விலை போகவில்லை என்றும், வெள்ளம் தமக்குத் தோண்டும் வேலையை மிச்சப்படுத்தியது என்றும் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே எழுதினார். 1854-இல் கேப்டன் பதவியைத் துறந்து வீடு திரும்பினார். குடிப்பழக்கமே அதற்குக் காரணம் என்ற பேச்சு அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

செயின்ட் லூயிஸ் அருகே மாமனார் மகளுக்குத் தந்த நிலத்தில் தம் கையாலேயே மரவீடு கட்டி உழுதார். விறகு வெட்டி நகரத் தெருக்களில் விற்றார். 1857-இல் வங்கிகள் சரிந்து பொருளாதாரம் முடங்கியபோது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாட்கள் முன்பு, தங்கக் கடிகாரத்தை இருபத்திரண்டு டாலருக்கு அடகு வைத்தார். பிறகு மனைவியின் உறவினரோடு சேர்ந்து வாடகை வசூலிக்கும் தொழில் செய்தார், கடனாளியிடம் கடுமையாகப் பேச வராதவருக்கு அதுவும் கைகூடவில்லை. அந்த வறுமையிலும், 1859 மார்ச்சில், மாமனாரிடமிருந்து தம் உடைமையாகி இருந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை நீதிமன்றத்தில் விடுதலை செய்து பத்திரம் எழுதிக்கொடுத்தார். அன்றைய சந்தையில் அவரை விற்றிருந்தால் பல மாதக் குடும்பச் செலவு தீர்ந்திருக்கும். ஆனால் அப்படியொரு உடைமையை ஏற்றுச் சில காலம் வைத்திருந்தார் என்பதையும் இதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேறு வழியின்றித் தந்தையை நாடினார். ஜெஸ்ஸிக்குக் கலீனாவில் ஒரு கடை இருந்தது. ஈயச் சுரங்கங்களால் செழித்து, நீராவிப் படகுகளின் துறையாக விளங்கிய ஊர் அது. ரயில் வந்த பிறகு படகுப் போக்குவரத்து இளைக்கத் தொடங்கியிருந்தது. கடையை நடத்தியவர்கள் தம்பிமார்கள் சிம்ப்சனும் ஆர்வில்லும். சிம்ப்சனைக் காசநோய் தின்றுகொண்டிருந்தது. 1860 வசந்தத்தில், முப்பத்தெட்டு வயதை எட்டும் நிலையில், மனைவியோடும் நான்கு பிள்ளைகளோடும் படகில் வந்து இறங்கிய மூத்தவர், தம்பிமார்களிடம் எழுத்தராகச் சேர்ந்தார். குன்றின் மேல் வாடகை வீடு, கீழே பிரதான வீதியில் கடை. சேணம், வண்டி மாட்டும் வார்கள், காலணித் தோல் ஆகியவற்றை விற்பதும், சுற்றுவட்டார விவசாயிகளிடமும் கசாப்புக் கடைகளிலும் பச்சைத் தோல் வாங்குவதும் வியாபாரம்.

இந்த ஓராண்டைத்தான் வரலாற்றாசிரியர்கள் பலர் அவருடைய வாழ்வின் பாதாளமாகச் சித்திரிக்கிறார்கள். விலை தெரியாமல் விழித்தார், பழைய இராணுவ மேலங்கியோடு திரிந்தார் என்றெல்லாம் ஊரார் பிற்காலத்தில் சொன்னார்கள். ஒருவர் உலகப் புகழ் பெற்ற பிறகு அண்டை வீட்டார் நினைவுகூரும் கதைகளைப் பாதித் தள்ளுபடி செய்தே வாங்க வேண்டும். அவரே 1860 ஆகஸ்டில் எழுதிய கடிதம் வேறு விதமாகப் பேசுகிறது. புதிய தொழில் ஓரளவு பழகிவிட்டது, விரைவில் பங்காளியாகும் நம்பிக்கை இருக்கிறது, குடும்பம் நடத்தப் போதிய வருவாய் இதிலிருந்து வரும் என்று அதில் குறிப்பிடுகிறார். ஆறு ஆண்டு அலைச்சலுக்குப் பின் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் உறங்கி, மாதாமாதம் சம்பளம் பார்த்த மனிதரின் குரலாகவே அது எனக்குக் கேட்கிறது.

கடைக்காக அவர் விஸ்கான்சின், அயோவா பக்கமும் பயணம் செய்தார். இரவு தங்கும் விடுதிகளில், மெக்சிகோ போரில் இருந்த கேப்டன் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஊர்க்காரர்கள் கூடி, அடிமை முறையைக் கைவிடாத தென் மாநிலங்கள் நாட்டிலிருந்து பிரிந்தால் என்னவாகும் என்று நள்ளிரவு வரை விவாதிப்பார்கள். போர் வந்தாலும் தொண்ணூறு நாட்களில் முடிந்துவிடும் என்பதே அப்போது அவருடைய கணிப்பு.

1861 ஏப்ரலில் அரசுப் படையின் சம்டர் கோட்டையைத் தென் மாநிலத்தார் தாக்கியதும், குடியரசுத் தலைவர் லிங்கன் 75,000 தொண்டர்களைத் திரட்ட அழைப்பு விடுத்ததும் கலீனாவில் பொதுக்கூட்டங்கள் நடந்தன. கரி சுட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்த வழக்கறிஞர் ஜான் ராலின்ஸ் அனல் பறக்கப் பேசினார். ஊரில் இராணுவப் பயிற்சி பெற்றவர் என்பதால், ஆள் திரட்டும் கூட்டத்திற்குக் கடை எழுத்தரைத் தலைமையில் அமர்த்தினார்கள். ஊர்ப் பெண்கள் சீருடை தைக்க முன்வந்தபோது துணியும் தையல் விவரமும் சொன்னவரும் அவரே. அந்தக் கூட்டத்திற்குப் பின் ஒரு பொட்டலம் கட்டக்கூடத் தோல் கடைக்குள் தாம் நுழையவில்லை என்று அவர் பதிவு செய்திருக்கிறார். போரில் ராலின்ஸ் அவருடைய படைத் தலைமையகத்தின் முதன்மை அதிகாரி ஆனார். கலீனாவில் அரசுக் கட்டடங்களை மேற்பார்வையிட்ட செனகா பழங்குடிப் பொறியாளர் ஈலி பார்க்கர், 1865-இல் தெற்குத் தளபதி லீ கிராண்ட்டிடம் சரணடைந்த அப்போமாட்டாக்ஸில் சரணடைவு நிபந்தனைகளைப் படியெடுத்து எழுதினார். ஒரு சிற்றூரின் கடைவீதிப் பழக்கம் போர்க்களம் வரை போயிற்று.

ஆனால் குடும்பத்தின் வியாபாரமும் பின்தொடர்ந்தே வந்தது. 1862 டிசம்பரில், பருத்திக் கடத்தலால் எரிச்சலுற்றிருந்த கிராண்ட்டின் முகாமுக்கு, லாபத்தில் கால் பங்கு தருவதாகச் சொன்ன யூத வணிகர்களோடு பருத்தி வணிகம் செய்ய அனுமதி கேட்டு ஜெஸ்ஸியே வந்தார். அம்மாதம் 17-ஆம் நாள் தம் ஆளுகைப் பகுதியிலிருந்து யூதர்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று மகன் உத்தரவிட்டார். தந்தை மீதிருந்த கோபம் ஓர் இனத்தின் மீது இறங்கியது என்று சிலர் விளக்குவர், விளக்கம் நியாயமாகிவிடாது. கென்டக்கியின் பாதூகா நகரில் குடும்பங்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டன. லிங்கன் சில வாரங்களில் அந்த உத்தரவை ரத்துச் செய்யவைத்தார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, மூத்தவர் குடியரசுத் தலைவராக இருக்கையில், தம்பி ஆர்வில் இராணுவக் காவல் நிலைகளின் கடை உரிமங்களில் பங்கு பெற்றதை நாடாளுமன்றக் குழுவின் முன் தாமே ஒப்புக்கொண்டார்.

கடைசியாக ஒரு முறை கிராண்ட் வியாபாரத்தில் கால் வைத்தார். நியூயார்க்கில் மகனும் ஃபெர்டினாண்ட் வார்டு என்பவரும் பங்காளிகளாக இருந்த நிதி நிறுவனத்தில் தம் பெயரையும் பணத்தையும் ஒப்படைத்தார். வார்டின் மோசடியால் 1884 மே மாதம் அது திவாலாகி, முன்னாள் குடியரசுத் தலைவர் கையில் காசின்றி நின்றார். அதே ஆண்டில் தொண்டைப் புற்றுநோயும் தெரியவந்தது. நினைவுக் குறிப்புகளை எழுத அமர்ந்தார். பதிப்பிக்க முன்வந்த மார்க் ட்வைன், விற்பனையில் இருபது விழுக்காடு உரிமைத்தொகை, அல்லது நிகர லாபத்தில் எழுபது விழுக்காடு என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொன்னார். நூல் விற்காமல் போனால் பதிப்பாளர் நட்டப்படக் கூடாது என்று எண்ணி, லாபப் பங்கே போதும் என்றார் கிராண்ட். 1885 ஜூலை 23 அன்று, எழுதி முடித்த சில நாட்களில், அவர் இறந்தார். லாபப் பங்காக ஜூலியாவின் கைக்குச் சுமார் 4,50,000 டாலர் வந்து சேர்ந்தது.