ஈசாக்கின் கைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பைபிளின் ஆதியாகமத்தில் வரும் ஈசாக்கு வயதாகிக் கண் தெரியாமல் போனவர். மூத்த மகன் ஏசாவுக்கு ஆசி கொடுக்க நினைக்கிறார். மனைவி ரெபெக்காளோ இளையவன் யாக்கோபின் கைகளில் ஆட்டுக்குட்டித் தோலைச் சுற்றி அனுப்பிவிடுகிறாள். தடவிப் பார்த்த தகப்பன், "சத்தம் யாக்கோபின் சத்தம், கைகளோ ஏசாவின் கைகள்" என்று தடுமாறுகிறார். ரெபெக்காளுக்கு எந்தக் காரணம் இருந்தாலும் சரி, கணவருக்குக் கண் தெரியாததைச் சொந்த வீடே பயன்படுத்திக்கொண்டது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிற இடம் இது.

பார்வையற்றவர் முன்னால் தடுக்கல் வைக்காதே என்கிறது லேவியராகமம். அந்தத் தடுக்கல் கல்லாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. "உங்களுக்கு எதற்குச் சிரமம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவரை மூலையில் உட்காரவைப்பதும் தடுக்கல்தான் என்பேன்.

பாபிலோனியாவில் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப் யோசேப்பு பார்வையற்ற யூதப் பேரறிஞர். பார்வையற்றவருக்குச் சமயக் கடமைகளிலிருந்து விலக்கு உண்டு என்பது அன்று ஒரு சாராரின் கருத்து. அதுவே சட்டம் என்று யாராவது சொன்னால் விருந்து வைப்பேன் என்றிருந்தார் அவர். கட்டாயமில்லாமலே செய்வது பெருமையல்லவா! ஆனால் கடமைப்பட்டுச் செய்பவரே உயர்ந்தவர் என்று கேள்விப்பட்டதும் பேச்சை மாற்றிக்கொண்டார். விலக்கு இல்லை என்று சொல்பவருக்கே விருந்து என்றார்! யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவில் ஒரு யூத வீட்டை நினைத்துப் பாருங்கள். மனைவி விளக்கேற்றுகிறாள், வீட்டில் யாரும் இருட்டில் இடறாமல் இருப்பதே குடும்ப அமைதி என்று விளக்குக்கே காரணம் சொல்வார்கள். பார்வையற்ற கணவர், "குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?" என்று தொடங்கும் நீதிமொழிகளின் வரிகளை மனைவிக்காக மனப்பாடமாகப் பாடுகிறார். அப்புறம் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். தலைமேல் கைவைத்து ஆசி சொல்கிறார். எந்தத் தலை யாருடையது என்று அந்தக் கைகளுக்குத் தெரியும். ஆட்டுத்தோல் சுற்றி யாரும் வருவதில்லை. திராட்சரசக் கோப்பையை உயர்த்திப் பிடிப்பதும் அவரேதான்.

சனி இரவில் ஓய்வுநாளை முடித்துவைக்கும்போது மட்டும், தீச்சுடருக்கான ஆசியை அவர் சொல்வதில்லை. கண் தெரிந்த ஒருவர் சொல்வார். ஆனால் ஒளியைப் படைத்தவரைப் போற்றும் காலைத் தொழுகையை அவரும் சொல்லலாம். அதற்குக் காரணமாகத் தல்மூது ஒரு சம்பவம் சொல்கிறது. நள்ளிரவில் பார்வையற்ற ஒருவர் தீப்பந்தத்தோடு நடந்துபோகிறார். உனக்கு எதற்கப்பா பந்தம் என்று கேட்கிறார் ரபி யோசே என்ற யூத அறிஞர். "இது கையில் இருக்கும்வரை மற்றவர்கள் என்னைப் பார்ப்பார்கள். குழியிலும் முள்ளிலும் விழாமல் காப்பாற்றுவார்கள்" என்றார் அவர்.

நன்றி, வணக்கம்.