உல்லத்துக்கு ஒரு நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை. கொள்ளிடத்தில், அணைக்கரைப் பாலத்துக்குப் பக்கத்தில் மீன் விற்கும் ஆயா ஒருவர் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். "தம்பி, உல்லம் உல்லம்னு கேட்டுக்கிட்டே இருப்பியே, இந்தா வந்திருக்கு பாரு." பழையாறு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வந்த கூடையில், வெள்ளித் தகடு போல ஒரு மீன். ஒரு சாண் நீளம். மனசு ஒரு நிமிஷம் துள்ளியது உண்மை. முதுகுத் துடுப்பை விரித்துப் பார்த்தேன். கடைசி முள் நூல் மாதிரி வால் பக்கமாக நீண்டிருந்தது. உல்லத்துக்கு அப்படி இருக்காது. இது அதற்குப் பங்காளி முறை. ஜாடை ஒன்று, ஆள் வேறு. சொன்னதும் ஆயா விடவில்லை. "அப்ப எங்க மாமனார் காலத்துல ஆத்துல ஏறி வந்துச்சே, அது எது?"

அதுதான் உல்லம். வங்காளத்தில் இலிஷ், கோதாவரிக் கரையில் புலசா. தாலியை விற்றாவது புலசா தின்ன வேண்டும் என்று தெலுங்கில் சொல்வார்கள். கடலில் வளர்ந்து, புதுவெள்ளம் முகத்துவாரத்தைத் தொட்டதும் நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றில் ஏறி, நல்ல தண்ணீரில் முட்டையிடும் மீன். பொரிந்த குஞ்சுகள் மெல்ல இறங்கிக் கடலுக்குப் போகும். (நம் விலாங்குக்கு எல்லாமே தலைகீழ். குளத்திலும் வாய்க்காலிலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போகும்.)

கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் கீழணை எழுந்தது. பாசனத்துக்கு அது பெரிய வரம். ஏறிவரும் மீனுக்கு அது சுவர். இந்திய நன்னீர் மீன்களைப் பற்றி மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே 1873-இல் தந்த அறிக்கையிலேயே, அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிக்கின்றன என்று எழுதிவிட்டார். மெட்ராஸ் அரசின் மீன் வளர்ப்பு நிபுணராக இருந்த வில்சன், 1900-களின் முதல் பத்தாண்டில் இதே கொள்ளிடத்தில் உல்லத்தின் முட்டையைப் பிழிந்தெடுத்து, செயற்கையாகப் பொரிக்க வைத்துப் பார்த்தார். இந்தியாவில் இந்த மீனுக்கு அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. பிறகு 1934-இல் மேட்டூர் அணை வந்தது. ஆடிப் பெருக்கில் தடையில்லாமல் கடல்வரை ஓடிய புதுவெள்ளம் மேட்டூரில் தேங்கியது. உல்லத்துக்கு அழைப்பே அந்த வெள்ளம்தான். அழைப்பு நின்றதும் வரத்து சுருங்கிப்போனது.

சரி, கடைசி உல்லம் எந்த வருஷம் வந்தது? மீன்வளத் துறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான், எனக்கே தெரியாது. ஆற்றோரத்தில் மூன்று பெரியவர்களிடம் கேட்டேன். ஒருவர் தன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் என்றார். ஒருவர் பெரிய புயலடித்த வருஷம் என்றார். மூன்றாமவர், "இப்பவும் வருதே" என்றார். ஞாபகம் பொய் சொல்லாது, ஆனால் தேதி சொல்லாது.

இந்த இடத்தில் உங்களை அமெரிக்காவுக்கு, கொலம்பியா ஆற்றுக்குக் கூட்டிப்போகிறேன். சால்மன் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். டப்பாவில் அடைத்து நம் ஊர் சூப்பர் மார்க்கெட் வரை வருகிறது. அதற்கும் உல்லத்தின் பிழைப்புதான்: கடலில் வளர்ச்சி, ஆற்றில் பிறப்பு. அதில் சாக்கை என்றொரு வகை. ஐடஹோ மலையில் ரெட்ஃபிஷ் ஏரி என்று ஓர் ஏரி. முட்டையிட வரும்போது அந்த மீன் சிவந்துபோவதால் ஏரிக்கே அந்தப் பெயர். கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரம், நடுவே எட்டு அணைகள். அந்த ஏரிக்குத் திரும்பிவந்த மீன்களின் கணக்கை வாசிக்கிறேன், கேளுங்கள்.

1990: ஒன்றும் இல்லை. 1991: நான்கு. 1992: ஒன்று. 1993: எட்டு. 1994: ஒன்று. 1995: ஒன்றும் இல்லை.

அந்த 1992-ஆம் வருஷத்து ஒற்றை ஆண் மீனுக்கு லோன்சம் லாரி என்று பேர் வைத்தார்கள் (லாரி அங்கே ஆண்பிள்ளைப் பேர்), தனிக்கட்டை லாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிரிப்பு வருகிறது. ஆனால் பாருங்கள், அவர்களுக்கு ஒன்று என்று தெரிந்தது. பூஜ்யம் என்றும் தெரிந்தது. அந்த மண்ணின் பழங்குடிகளான ஷொஷோன்–பானக் மக்கள் 1990-இல் மனுப் போட்டார்கள். 1991-இல் அந்த மீன் அழியும் நிலையில் உள்ள இனம் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டது. வந்துசேர்ந்த சில மீன்களைப் பிடித்து, தொட்டியில் வைத்து வம்சம் வளர்த்தார்கள். லாரியின் விந்தணுவை உறையவைத்துக் காத்தார்கள். 2014-இல் 1,500-க்கு மேல் திரும்பின.

இத்தனைக்கும் சாக்கை சால்மனுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவுக்கு வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. பிறகு ஏன் இந்த ஏரிக்காக இவ்வளவு பாடு? ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு மந்தை, அந்த ஆற்றின் தண்ணீருக்கும் தூரத்துக்கும் பழகிய மந்தை. அது போனால் போனதுதான். பங்களாதேஷின் பத்மா ஆற்றில் இலிஷ் மலிந்து கிடப்பதால் கொள்ளிடத்து உல்லம் பிழைத்ததாகிவிடாது.

எப்படி எண்ணுகிறார்கள் என்று சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். அணையின் ஓரத்தில் படிப்படியாகத் தொட்டிகள் கட்டி, மீன் தாவித்தாவி ஏற வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழியில் ஒரு கண்ணாடிச் சன்னல். சன்னலுக்கு இந்தப்பக்கம் ஓர் ஆள். கொலம்பியா ஆற்றின் பானவில் அணையில் 1938-இலிருந்து இப்படி ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மீன் கடந்தால் அதன் வகைக்கான பொத்தானை ஓர் அழுத்து. மணிக்கு 50 நிமிஷம் எண்ணுவார். மிச்சம் பத்து நிமிஷத்துக்கு அந்த விகிதத்திலேயே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மீன் பார்ப்பதற்குச் சம்பளம்! நம்மூரில் சொன்னால் வரிசையில் நிற்பார்கள்.

தலையெண்ணிக்கை மட்டும் போதாது. கடலுக்குப் போகும் குஞ்சின் வயிற்றுக்குள் அரிசி அளவில், கண்ணாடிக் குழலில் அடைத்த ஒரு மின்னணுச் சில்லு வைப்பார்கள். அதில் பேட்டரி கிடையாது. மீன் அணையில் பொருத்திய மின் வளையத்தைக் கடக்கும்போது, வளையத்தின் மின்புலத்தில் விழித்துத் தன் எண்ணைச் சொல்லும். எத்தனை குஞ்சு போனது, எத்தனை பெரிய மீனாகத் திரும்பியது என்பது இதில் தெரியும். கொலம்பியாவில் வைத்திருக்கும் இலக்கு, நூறு குஞ்சுக்கு இரண்டிலிருந்து ஆறு வரை திரும்ப வேண்டும், சராசரி நான்கு. அதோடு, எந்தெந்தக் கிளையாற்றில் முட்டையிடுகிறது, எத்தனை வயதில் வருகிறது என்றும் பார்ப்பார்கள். எல்லா மீனும் ஒரே ஓடையில், ஒரே வயதில் வந்தால், ஒரு கெட்ட வருஷம் மொத்தத்தையும் துடைத்துவிடும்.

அப்படி ஒரு கெட்ட வருஷம் 2015-இல் வந்தது. தண்ணீர் சூடேறி, பானவில்லில் எண்ணப்பட்ட அந்த ஏரிக்கான மீன்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் தானாக ஊர் போய்ச் சேர்ந்தன. சில்லு இருந்ததால் எந்த அணைக்கும் எந்த அணைக்கும் நடுவில் தொலைந்தன என்று தெரிந்தது. மீன் செத்ததைத் தடுக்க முடியவில்லைதான். ஆனால் அடுத்த வருஷம் எங்கே குளிர்ந்த தண்ணீர் விடுவது, எங்கே பிடித்து வண்டியில் ஏற்றுவது என்று யோசிக்கப் பிடி கிடைத்தது.

பங்களாதேஷ் நமக்கு இன்னும் கிட்டத்து உதாரணம். முட்டையிடும் நாட்களில் இலிஷ் பிடிக்கத் தடை; முதலில் பத்து நாள், பிறகு 11, 15, 2016-இலிருந்து 22. முட்டையிட்டு முடித்த பெண் மீன் வலையில் எத்தனை பங்கு என்று பார்த்துப் பார்த்து நாட்களை நீட்டினார்கள். 2002-இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்த பிடிப்பு, 2018 வாக்கில் 5 லட்சத்தைத் தாண்டியது. நம் நாட்டிலும் பாரக்பூர் மீன் ஆராய்ச்சி நிறுவனம், ஃபராக்கா தடுப்பணைக்கு மேலே கங்கையில் உயிருள்ள இலிஷ் விட்டு, சிலவற்றுக்கு அடையாளமும் கட்டிப் பின்தொடர்கிறது. சுலபமில்லை. கையில் எடுத்தாலே செதில் உதிர்ந்து செத்துப்போகும் மீன் அது.

நமக்குக் கண்ணாடிச் சன்னல் உடனே வராது. மேட்டூர் வெள்ளத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. குறுவை அதை நம்பித்தான் இருக்கிறது. நான் கேட்பது ஒரு நோட்டு. பழையாறு இறங்குதளத்தில் ஒன்று, கீழணை மதகுக்குக் கீழே ஒன்று. ஆனியிலிருந்து மார்கழி வரை, வாரத்தில் இரண்டு நாள், அதே நேரம், அதே வலை. அதே வலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்த வருஷம் வீச்சு வலை, அடுத்த வருஷம் செவுள் வலை என்றால் இரண்டு கணக்கையும் ஒப்பிடவே முடியாது. வந்தால் எத்தனை, என்ன நீளம், சினையா. வராவிட்டால் சுழி. ஆயாவிடம் இதைச் சொன்னபோது, "வராத மீனுக்கு எதுக்கு தம்பி நோட்டு?" என்று கேட்டார். வலை போட்டும் வரவில்லை என்பது ஒரு கணக்கு, ஆயா. யாருமே பார்க்கவில்லை என்பது கணக்கே இல்லை என்றேன். அவருக்கு முழுசாய் ஒப்பவில்லை. ஆனாலும் பேத்தியின் பழைய ரூல்டு நோட்டு ஒன்றைக் கொடுத்தார்.

மழைக்குப் பின் கொள்ளிடத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து வடிகட்டினால், அதில் உல்லத்தின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கலாம். செய்யக்கூடியதுதான், நம் கல்லூரிகள் யோசிக்கட்டும்.

கடைசியாக, கொள்ளிடக்கரையில் வலை வீசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உல்லம் என்று சந்தேகம் வந்தால் முதுகுத் துடுப்பின் கடைசி முள்ளைப் பாருங்கள்; நூல் மாதிரி நீண்டிருந்தால் அது இல்லை. நீளவில்லை என்றால் போனில் ஒரு படம் எடுங்கள், உடம்பின் நடுவிலிருந்து பத்துச் செதிலைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து வையுங்கள், தேதியும் இடமும் மேலே எழுதுங்கள். முடிந்தால் தலையைத் தூக்கிப்போட வேண்டாம். உள்ளே இருக்கும் காதுக்கல்லை ஆராய்ந்தால், எவ்வளவு காலம் கடலில், எவ்வளவு காலம் நல்ல தண்ணீரில் இருந்தது என்று சொல்லிவிடலாம். மீதி மீனைத் தாராளமாகக் குழம்பு வைத்துக்கொள்ளுங்கள், முள் மட்டும் ஜாஸ்தி, பார்த்துச் சாப்பிடுங்கள். வணக்கம்.