ஆகாயத்தில் ஓடும் வில்லங்கம்

நேயர்களுக்கு வணக்கம். வங்கிகள் வீட்டுக்கடன் கொடுப்பதற்கு முன் மனையையும் வீட்டையும் நேரில் பார்த்து மதிப்புப் போட்டுத் தரும் சிவில் பொறியாளர் நான். வாரத்தில் நாலு நாளாவது டேப்பும் கையுமாக வெயிலில் நிற்கிற வேலை. டவர் லைன், அதாவது உயரமான கோபுரங்களில் ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பிகள், அதன் பக்கத்தில் மனையோ வீடோ வாங்கலாமா என்பதைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

போன சித்திரையில் சென்னைக்கு வெளியே ஒரு மனை பார்க்கப் போனேன். முன்பு வயலாக இருந்த இடம். முப்பதுக்கு நாற்பது, அரை கிரவுண்டு. வாங்கப்போகும் பையன், அவன் மனைவி, மாமனார் மூவரும் வந்திருந்தார்கள். அடுத்த தெருவைவிடச் சதுர அடிக்கு ஐந்நூறு ரூபாய் குறைவு. ஏன் குறைவு என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரிந்தது. மாமனார் பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பட்டா சரியாக இருந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றில் ஒரு அடமானம்கூடக் கிடையாது. தாய்ப்பத்திரத்திலிருந்து கைமாறி வந்த வரிசையிலும் குறை இல்லை. "எல்லாம் கிளியரா இருக்கு சார், அப்புறம் என்ன?" என்றார்.

அவர் சொன்னது காகித அளவில் சரிதான். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான பத்திரங்களின் பட்டியல். டவர் லைன் பத்திரம் பதிந்துகொண்டு வருவதில்லை. தந்திக் கம்பி இழுப்பதற்காக 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதிகாரத்தை, 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு மின்தடம் போடுகிறவர்களுக்கும் கொடுக்க வழி செய்கிறது. நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை. கம்பியை இழுத்துவிட்டுச் சேதத்துக்கு இழப்பீடு கொடுத்தால் போதும். நிலம் உங்கள் பெயரிலேயே இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். வீடு மட்டும் கட்ட முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து விவசாயிகள் 2018-இல் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துப் போராடியதில் இந்த ஆதங்கமும் உண்டு. மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதலில் கோபுரத்தின் நாலு காலுக்குள் அடங்கும் நிலத்துக்கு அதன் மதிப்பில் 85 சதவீதம், கம்பிக்குக் கீழே உள்ள தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024-இல் அதை 200, 30 என்று உயர்த்தினார்கள். அதுவும் கம்பி இழுக்கிறபோது நிலம் வைத்திருந்தவருக்கு. பின்னால் மனையாக வாங்குகிறவர் கையில் காசு வராது, கட்டுப்பாடு மட்டும் வரும்.

எவ்வளவு அகலத்துக்குக் கட்டுப்பாடு? அது மின்னழுத்தத்தைப் பொறுத்தது. 110 கிலோவோல்ட் தடத்துக்கு மொத்தம் 22 மீட்டர், அதாவது நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 36 அடி. 220, 230 வகைக்கு 35 மீட்டர். 400 கிலோவோல்ட்டுக்கு 46 மீட்டர். எந்த லைன் என்று கண்டுபிடிக்க கோபுரத்தில் மாட்டியிருக்கும் அபாயப் பலகையைப் பாருங்கள். பலகை துருப்பிடித்துப் போயிருந்தால், கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் தட்டுகளை எண்ணுங்கள். ஏழெட்டு இருந்தால் 110, பதினாலு வாக்கில் இருந்தால் 230, இருபத்துமூன்றை ஒட்டி இருந்தால் 400.

ஜனங்கள் எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துத்தான் மிரள்கிறார்கள். "டவர் தள்ளித்தான் சார் இருக்கு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். கோபுரத்தை ஒட்டிய இடத்தில் கம்பி உயரத்தில் இருக்கும், அதிகம் ஆடாது. இரண்டு கோபுரங்களுக்கு நட்ட நடுவில்தான் அது தொய்ந்து தாழ வரும், காற்றில் ஊஞ்சல் மாதிரி பக்கவாட்டில் போய் வரும். வெயில் ஏறினாலும், கம்பியில் சுமை கூடினாலும் உலோகம் நீண்டு இன்னும் இறங்கும். அந்த மனை சரியாக அந்த நட்ட நடுவில் இருந்தது.

நாங்கள் போன நாளில் ஒரு வசதி. சித்திரை பத்துத் தேதி வாக்கில் சென்னையில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருவான். பன்னிரண்டு மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் கம்பியின் நிழல் நேர் கீழே விழும். பையனை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். மெல்லிய கோடு மாதிரி மண்ணில் கிடந்த அந்த நிழல், மனையின் கிழக்கு எல்லைக் கல்லுக்கு ஆறடி வெளியே இருந்தது. "நம்ம மனைக்குள்ளயே வரல பாருங்க, பத்தடி விட்டுக் கட்டினா போதும்" என்றார் விற்க வந்தவர்.

அவர் சொன்ன பத்தடி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 33 கிலோவோல்ட்டுக்கு மேலே போனால், கட்டடத்துக்கும் கம்பிக்கும் பக்கவாட்டில் 2 மீட்டர், அதோடு கூடுதலான ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் என்பது விதி. அங்கே ஓடிய 110 கிலோவோல்ட் லைனுக்குக் கணக்குப் போட்டால் 2.9 மீட்டர், ஒன்பதரை அடி. ஆனால் அதை அசையாமல் தொங்கும் கம்பியிலிருந்து அளக்கக் கூடாது. பலத்த காற்றில் கம்பி எவ்வளவு தூரம் விலகி வருமோ அந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். அங்கே இருந்த தொய்வுக்கு அது பதிமூன்று அடியாவது வரும் என்பது என் கணிப்பு. இரண்டையும் கூட்டினால் இருபத்திரண்டரை அடி. வெளியே இருக்கும் ஆறடியைக் கழித்தாலும், முப்பதடி அகலத்தில் பதினாறரை அடி போய்விட்டது. மறுபக்கம் விட வேண்டிய இடத்தையும் விட்டால் மிஞ்சுவதில் ஒரு நீள வராந்தா கட்டலாம்.

மாமனார் காகிதங்களை உறைக்குள் திரும்பச் செருகினார்.

நல்ல மனைப்பிரிவுகளில் இந்தத் தடத்தைச் சாலையாகவோ பூங்காவாகவோ விட்டிருப்பார்கள். அப்படி விட்ட சாலைக்கு எதிர்ப்புறம் மனை கிடைத்தால், தூரத்தை அளந்துவிட்டுத் தயங்காமல் வாங்கலாம். எதிரே யாரும் கட்டிக் காற்றை மறைக்க மாட்டார்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் கம்பிக்குக் கீழேயும் கல் நட்டு விற்கிறார்கள்.

பையனின் மனைவி அதுவரை பேசவே இல்லை. காரில் ஏறும்போது, "குழந்தைக்கு ஏதாவது வியாதி வருமா சார்?" என்று கேட்டார். அமெரிக்காவின் டென்வரில் 1979-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும்; மைக்ரோடெஸ்லா என்பது அதை அளக்கும் அலகு. வீட்டுக்குள் அது சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டும் இடங்களில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்று அதிகம் என்று பிற்காலத் தொகுப்பாய்வுகளும் காட்டின. காரணம் கம்பிதான் என்று நிரூபணம் ஆகவில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இதை 2பி, அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்ற வகையில் வைத்தது. ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே வகையில்தான் இருக்கிறது. இந்தக் காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது, தூரம்தான் குறைக்கும். கம்பியை ஒட்டிக் குழந்தை தூங்கும் அறை வேண்டாம் என்பேன். நன்றாகத் தள்ளியிருக்கும் வீட்டில் நானே குடியிருப்பேன்.

எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, நாற்பது அடி. மாடிக்கு அதை நிமிர்த்தித் தூக்கும்போது டவர் லைனைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, கிட்டே போனாலே மின்சாரம் பாய்ந்துவிடும். அலுமினிய ஏணியும் முருங்கை பறிக்கிற ஈர மூங்கிலும் இதே ரகம்தான்.

ஏற்கெனவே கட்டிய வீடு வாங்குகிறவர்கள், மாடி எழுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். கம்பிக்கு நேர் கீழே வரும் கட்டடத்துக்கு மேலே 110 கிலோவோல்ட்டுக்கு 4.6 மீட்டர், பதினைந்து அடி, விட வேண்டும். தாழ்ந்த நிலையில் கம்பி முப்பதடி உயரத்தில் இருந்தால் தரைத்தளத்தோடு கதை முடிந்தது. நான் மதிப்புப் போட்ட அப்படி ஒரு வீட்டில், இரண்டாவது மகனுக்கு மாடி என்று திட்டம் போட்டு அகலமான படிக்கட்டு கட்டியிருந்தார்கள். வங்கி கடன் தரவில்லை. மொட்டைமாடிக் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி எங்கே என்று கேட்டேன். பேரப்பிள்ளைகள் பட்டம் விடப் போய்விடுவார்கள் என்று பாட்டி அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.