திண்ணைக் கிண்டி

கொழிஞ்சாம்பாறை நண்பர்களுக்கு வணக்கம்.

சுவரில் இருக்கும் நீர்வர்ணப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு வைத்த ஒரு வெண்கலத் தண்ணீர்ப் பாத்திரம், அதாவது கிண்டி, அதன் நிழல், அவ்வளவுதான். உள்ளே வரும்போது ஒரு பெரியவர், "இது எங்க வீட்டுத் திண்ணையில கிடந்ததாச்சே" என்றார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. தமிழோ மலையாளமோ, இந்தப் பக்கத்து வீடுகளில் வருகிறவர்கள் கால் கழுவக் கிண்டியில் தண்ணீர் வைப்பது அந்தக் கால வழக்கம். என் பாட்டி அதைப் புளி போட்டுத் தேய்ப்பார். அது என்ன நிறம் என்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் மஞ்சள் என்றிருப்பேன்.

சரி, படத்துக்குப் பக்கத்தில் வாருங்கள். மஞ்சள் எங்கே? வயிற்றின் மேல்பக்கம் கொஞ்சம். கீழே வரவரப் பழுப்பு, அப்புறம் கருநீலம். அடியில் மெல்லிய செம்மை. சிவப்புச் சிமெண்டுத் தரையின் நிறம் வெண்கலத்தில் ஏறியிருக்கிறது.

கழுத்தில் மின்னுகிறதே ஒரு வெள்ளை, அங்கே வர்ணமே இல்லை. வெறும் தாள். எண்ணெய் வர்ணத்தில் கடைசியாக வெள்ளையைத் தொட்டு வைத்துவிடலாம். நீர்வர்ணம் அப்படியல்ல. ஒளி அந்த மெல்லிய வர்ணத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புகிறது. அதனால் வெளிச்சம் எங்கே என்று தூரிகையைத் தொடும் முன்பே தீர்மானித்து, அந்த இடத்தைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும். 1906இல் மறைந்த பிரெஞ்சு ஓவியர் செசான், தன் கடைசிக்கால நீர்வர்ணப் படங்களில் தாளைத் தாராளமாக வெறுமையாக விட்டிருக்கிறார்.

இன்னொன்று, நம் காற்று. இதை வரைந்த பெண் இந்த ஊர்க்காரர், வரைந்தது தை மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அப்போது எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் நிறம் ஈரமாக இருக்கும்போதே அடுத்ததை விட்டால்தான் இரண்டும் கலந்து பாத்திரம் உருண்டு தெரியும். காய்ந்துவிட்டால் விளிம்பு கோடாக நின்றுவிடும். ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சம் போய்விடும், திறந்தால் தாள் காய்ந்துவிடும். அவர் திறந்தே வைத்திருக்கிறார்.

மூக்கு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு தெரிகிறதா? கை போய்ச் சேருவதற்குள் அங்கே காய்ந்துவிட்டது. அவர் அதை அழிக்கவில்லை. எனக்குப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். வெயில் இறங்குவதற்குள் ஒவ்வொருவராக வந்து பாருங்கள்.