கிறுகி வந்த குரல்

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். எனக்குத் தந்தது எட்டு நிமிசம். அதை வணக்கத்திலயே கரைக்க மாட்டன்.

"கலைஞன் பிற்காலத்தில் மென்மைக்குத் திரும்புவது வளர்ச்சியா, தளர்ச்சியா?" வளர்ச்சியே எண்டு சொல்ற அணியில இருந்து வாறன். எனக்கு முன்னம் பேசின எதிரணித் தம்பி நல்லாப் பேசினார். கூத்தைத் தொட்டார், மெல்லிசையைத் தொட்டார். மறுகா ஒரேயடியாக் கடல் தாண்டிப் போய், சார்லி ஹேடன் எண்ட அமெரிக்க ஜாஸ் பாஸ் கலைஞரைக் கொண்டுவந்து இந்த மேடையில குற்றவாளியா நிறுத்தினார். "1959இல ஓர்னெட் கோல்மன் எண்ட சாக்ஸபோன்காரரோட நிண்டு ஜாஸ் உலகத்தையே கொளுத்தின மனிசன், 1986இல சாப்பாட்டுக் கடையில மெல்லமாப் போடுற பாட்டுக்கு இறங்கிட்டார்" எண்டார். அதோட விட்டாரா? ஒரு வசனம் சொன்னார், சபை முழுக்கக் கை தட்டிச்சு. "பல்லுப் போனவன் தயிருக்கு மாறினா அது ருசி மாறினதில்ல, வாய் தோத்தது!"

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன். எழுதி வந்த நாலு பக்கத்தையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சிட்டன். தம்பி, மட்டக்களப்பு மண்ணில நிண்டுகொண்டு தயிரைக் குறைச்சுப் பேசிட்டீங்க. இதுக்குப் பதில் சொல்லாம நான் வீட்டுக்குப் போகேலா.

நான் எருமைப் பட்டி வச்சிருந்த வீட்டுப் பிள்ளை. பட்டிமன்றத்தில பட்டியைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கு. விடியச் சாமத்தில கறந்த பாலை எங்கட அம்மம்மா விறகடுப்பில பெரிய பானையில ஏத்துவா. பால் பொங்கும், அகப்பையால அடக்குவா. திரும்பப் பொங்கும், திரும்ப அடக்குவா. வாசம் மாறும் வரைக்கும் அது கொதிக்க வேணும். மறுகா இறக்கி வச்சு, சுண்டு விரலை விட்டுப் பார்ப்பா. மூண்டு எண்ணும் வரைக்கும் விரல் பொறுக்கணும், நாலுக்குச் சுடணும். அந்தப் பதத்திலதான் மண் சட்டியில வாத்து, நேத்தைய தயிரில ஒரு கரண்டி உறை விட்டு மூடி வைப்பா. அதுக்குப் பிறகு சட்டியை ஆரும் அசைக்கப்படாது. நாங்க பக்கத்தில ஓடினாலே ஏச்சு விழும். அடுத்த நாள் காலையில சட்டியைக் கவிட்டுப் பிடிப்பா. விழாது. ஒரு சொட்டு விழாது!

தம்பி, பாலைக் கொதிக்க வைக்காம இந்தத் தயிர் வருமா? சரி, கொதிச்சுக்கொண்டே இருக்கிற பாலில உறை விட்டா வருமா? உறையே செத்துப் போகும். கொதிக்கவும் வேணும், இறக்கி ஆத்தவும் வேணும். 1959ஐ மட்டும் பார்க்கிற நீங்க பானை பொங்கினதைப் பார்த்துக் கை தட்டிட்டு எழும்பிப் போயிட்டீங்க. விடியச் சட்டியைத் திறக்கக்குள்ள நீங்க அங்க இல்ல.

இனி அந்தப் பல்லுக் கதைக்கு வாறன். ஹேடனுக்குப் பல்லு இருந்துதா இல்லையா எண்டதைச் சபையே தீர்க்கட்டும்.

1971ஆம் ஆண்டு நவம்பர் மாசம். இடம் போர்த்துக்கல். அங்க அப்ப சர்வாதிகார ஆட்சி. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு மூண்டும் அவங்கட பிடியில. அந்த மண்ணுகளில விடுதலைக்காகச் சனம் செத்துக்கொண்டிருக்கு. தலைநகருக்குப் பக்கத்தில ஒரு ஜாஸ் விழா. ஓர்னெட் கோல்மன்ட குழுவில பாஸ் வாசிக்க வந்திருக்கிறார் ஹேடன், வயசு 34. பாஸ் எண்டா என்னெண்டு தெரியாத ஆக்களுக்குச் சொல்றன், அது வயலின்ட பெரியப்பா. ஆளை விட உயரம், குரலோ பாதாளம். எங்கட கூத்தில பிற்பாட்டுக்காரர் நிக்கிற மாதிரி அது பின்னுக்கு நிண்டு தாங்குற வாத்தியம். பாஸ்காரன் முன்னுக்கு வாறதும் அருமை, வாய் திறக்கிறதும் அருமை.

அந்த ஆள் வாய் திறந்தார். தான் இயற்றின ஒரு பாட்டை அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு மக்கள்ட விடுதலை இயக்கங்களுக்குக் காணிக்கை எண்டார். எங்க வச்சு? போர்த்துக்கலில வச்சு! சபை ஆர்ப்பரிச்சிட்டு. அடுத்த நாள் லிஸ்பன் விமான நிலையத்தில ரகசியப் பொலிஸ் ஆளைப் பிடிச்சிட்டு. உள்ளுக்கு வச்சு விசாரணை. அமெரிக்கத் தூதரகம் தலையிட்டுத்தான் வெளியில வந்தார்.

இன்னொருக்காச் சொல்றன், பின் வரிசையில இருக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும். அவர் இதைத் தன்ட ஊரில, தன்ட சனத்துக்கு நடுவில நிண்டு சொல்லல்ல. அடக்குறவன்ட வீட்டுக்குள்ள போய், அவன்ட மேடையில ஏறி, அவன்ட மைக்கிலயே சொன்னார்! எங்களுக்கு இதின்ட கனம் தெரியும். 1628இல எங்கட வாவிக்கரையில கோட்டை கட்டினதும் இதே போர்த்துக்கேயர்தானே? 1638இல ஒல்லாந்தர் பிடிக்கும் வரைக்கும் அவங்கட பீரங்கி எங்களைப் பார்த்துத்தானே நிண்டது? அந்தக் கோட்டைக்குள்ள ஒரு மத்தளக்காரன் போய் நிண்டு, "இந்த அடி உங்களுக்கெதிரா நிக்கிற சனத்துக்கு" எண்டு சொல்லியிருந்தா எப்பிடியிருக்கும்? அப்பிடித்தான் ஹேடன் சொன்னார். மூண்டு வருசத்துக்குள்ள, 1974 ஏப்ரலில, அந்த ஆட்சியும் விழுந்திட்டு.

"அது 1971. பல்லு இருந்த காலம்" எண்டு தம்பி அங்க இருந்து சிரிக்கிறார். சிரிங்க, தம்பி. 1986இல லொஸ் ஏஞ்சலீசில 'குவார்ட்டெட் வெஸ்ட்' எண்ட நால்வர் குழுவைத் தொடங்கினார். நாப்பதுகளின் பழைய சினிமாக்கள்ட இரவு மணக்கிற இசை, மெதுவான பாட்டுக்கள். அதைத்தான் நீங்க வாய் தோத்தது எண்டீங்க. ஆனா 1969இல போர்களுக்கெதிராக் கட்டின 'லிபரேஷன் மியூசிக் ஓர்க்கெஸ்ட்ரா'வை அவர் கைவிடவே இல்லையே! ஈராக் போரைக் கண்டிச்சு அந்தக் குழு இசைத்தட்டு வெளியிட்டது 2005இல. அப்ப அவருக்கு வயசு 68. அறுபத்தெட்டிலயும் கடிக்கத் தெரிஞ்ச வாய் தம்பி அது!

கடிக்கத் தெரிஞ்ச மனிசன்தான் மெல்லப் பாடவும் விரும்பினார். அவர்ட பாஸில குடல் நரம்பு, மிருகக் குடலில திரிச்ச தந்தி, பூட்டியிருக்கும். விபுலாநந்த அடிகள் யாழ் நூலில நரம்பை ஆராய்ஞ்ச மண்ணில நிண்டு பேசுறன், நரம்பு எண்டா உங்களுக்குத் தெரியும். குடல் நரம்பு தட்டினவுடன கத்தாது. முதல்ல மரம் வாங்கும், அப்புறம் மெதுவாத்தான் காதுக்கு வரும். அந்தக் குழுவோட அவர் வாசிச்சதைக் கேட்டுப் பாருங்க. பத்துச் சுரம் போடுற இடத்தில ரெண்டு போடுவார். போட்ட சுரம் முழுசா அடங்கும் வரைக்கும் அடுத்ததுக்கு அவசரப்பட மாட்டார். அதைச் சாப்பாட்டுக் கடைப் பாட்டு எண்டு சொல்ற ஆள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டிருக்கார்.

ஐயா, நான் இதை வாதமாச் சொல்லல்ல, வணங்கிச் சொல்றன். வைகாசியில எங்கட கண்ணகி அம்மன் கோயில்களில, செட்டிபாளையத்திலயும் காரைதீவிலயும் தம்பிலுவிலிலயும், அவட கதையான வழக்குரை படிக்கிறமே. மதுரை எரிஞ்சதோட நாங்க கதையை விட்டுட்டு வாறமா? இல்ல. எரிச்ச தாய் தனிய நிக்கிறா எண்டு பதைச்சு, குளிர்த்தி பாடுறம். வேப்பிலையும் தண்ணியுமா நிண்டு பாட்டாலயே அவட நெஞ்சைக் குளிர்விக்கிறம். வருசம் முழுக்க ஊர் காத்துக்கொண்டிருக்கிறதே அந்த நாளுக்குத்தான். குளிர்ந்த அம்மாளைப் பார்த்து வாய் தோத்தவ எண்டு சொல்ல இந்தச் சபையில ஆருக்கு நாக்கு வரும்?

மணி ஒருக்கா அடிச்சிட்டு. ஒரு பிள்ளைன்ட கதையைச் சொல்லிட்டு இறங்கிறன்.

ஐயோவா மாநிலத்தில ஷெனண்டோவா எண்டு ஒரு சின்ன ஊர். 1937இல அங்கதான் ஹேடன் பிறந்தார். குடும்பமே நாட்டுப்பாட்டுக் குடும்பம், தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாரும் வானொலியில பாடுவாங்க. இந்தப் பிள்ளை ரெண்டு வயசு நிரம்ப முன்னமே மைக்குக்கு முன்னால பாடத் தொடங்கிட்டு. பதினைஞ்சு வயசு மட்டும் பாட்டுத்தான் உயிர். பதினைஞ்சில போலியோ வந்துது. அது காலைப் பிடிக்கல்ல, கையைப் பிடிக்கல்ல, தொண்டையைப் பிடிச்சிட்டு. பாடுற பிள்ளைன்ட தொண்டையை!

அதுக்குப் பிறகுதான் அவர் பாஸ்காரன் ஆனார். வீட்டில தமையன் வாசிச்ச பாஸ் இருந்துது. குரல் போன பிள்ளை, வாத்தியங்களுக்குள்ளயே ஆழமான குரல் உள்ளதைக் கட்டிப் பிடிச்சிட்டு. 22 வயசில நியூயோர்க்குக்குப் போய், முன்கூட்டிப் போட்ட சுரக்கட்டு எதுவும் இல்லாம வாசிக்கிற ஓர்னெட் கோல்மனுக்குப் பக்கத்தில நிண்டு உலகத்தை அதிர வச்சார் எண்டீங்களே, அந்த நெருப்பெல்லாம் பாட முடியாம போன பிள்ளைன்ட நெருப்பு, தம்பி.

2008இல அவர் குடும்பத்தோட ஒரு இசைத்தட்டுப் போட்டார். ஜாஸ் இல்ல, சின்ன வயசு நாட்டுப்பாட்டு. மனுசி, மகன், ஒரே சூலில பிறந்த மூண்டு மகள்மார், மருமகன் நடிகர் ஜாக் பிளாக், எல்லாரும் பாடுறாங்க. அதுக்குள்ள ஒரு பழைய வானொலித் துண்டு வருது, 1939இலயது. ரெண்டு வயசு ஹேடன் பாடுறார். தட்டு முடியப் போகக்குள்ள, தான் பிறந்த ஊர்ட பேரையே சொல்லிக் கூப்பிடுற ஒரு பழைய பாட்டை ஒரு கிழவர் பாடுறார். மெல்லிய குரல், நெளியுது, ஆனா நிக்குது. அதுவும் ஹேடன்தான். அந்த நாட்டுப்பாட்டில இருந்து ஜாஸுக்குக் கிறுகி, போருக்கும் சிறைக்கும் கிறுகி, எழுபது வருசத்துக்குப் பிறகு குரல் வீட்டு வாசலுக்கு வந்து நிக்குது. ஆறு வருசத்தில, 2014 ஜூலையில, அதே போலியோ விட்டுப் போன நோயில அவர் போனார்.

எங்கட அம்மப்பா வடமோடிக் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியார். களரியில அவர் அடிச்சா அடுத்த ஊர் நாய் குரைக்கும் எண்டு சொல்லுவாங்க. வலது கை நடுவிரல் வளைஞ்சு போய், உள்ளங்கை எருமைத் தோல் மாதிரி இருக்கும். அறுபது வயசுக்குப் பிறகு அவர் களரியில ஏறல்ல. பின்னேரத்தில திண்ணையில இருந்து, மடியில கிடக்கிற பேரப்பிள்ளைகள்ட முதுகில மெதுவாத் தட்டுவார். "அண்ணாவியார் ஓய்ஞ்சு போனார்" எண்டு ஊர் சொல்லிச்சு, அவர் பதில் சொன்னதில்ல.

கடைசி வைகாசியில அவர் கட்டிலில கிடந்தார். கோயில் ஒலிபெருக்கியில குளிர்த்தி கேக்கத் தொடங்கிச்சு. அவர்ட மூண்டு விரல் கட்டில் சட்டத்தில அசைஞ்சுது. "புள்ள" எண்டார், வேற பேச்சில்ல. நான் என்ட கையை அந்த விரலுக்குக் கீழ வச்சன். முதல்ல எனக்கு விளங்கல்ல. மறுகா எண்ணிப் பார்த்தன். அது வடமோடித் தாளக்கட்டு. ஒரு அடி குறையல்ல, வேகம் மட்டும் இல்ல. குளிர்த்தி முடியும் வரைக்கும் அந்த விரல் என்ட உள்ளங்கையில விழுந்துகொண்டே இருந்துது.