ஸ்மித்துகள் எல்லாரும் பங்காளிகளா?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, எனக்கு எழுத்தறிவித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலக வார விழாவுக்காக இரவு பகலாக உழைத்த நூலகர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆங்கிலக் குடும்பப் பெயர் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஸ்மித்தை எடுத்துக்கொண்டேன். அந்தப் பெயர் பிறந்த விதம், பரவிய விதம் இரண்டையும் பார்ப்போம்.

ஸ்மித் என்றால் கொல்லர். பழைய இங்கிலாந்தில் கலப்பைக் கொழுவும் குதிரை லாடமும் அவர் பட்டறையில்தான். உழவர் பலர் வாழும் ஊரில் ‘உழவர் ஜான்’ என்றால் யாரென்று தெரியாது. ‘கொல்லர் ஜான்’ என்றால் உடனே தெரியும். அப்படி ஊர்தோறும் தனித்தனியாக முளைத்த பெயர் இது. ஆகவே ஸ்மித்துகள் எல்லாரும் பங்காளிகள் இல்லை. நாளடைவில் அது பரம்பரைப் பெயராகிவிட்டது. மகன் உலைக்களத்தை எட்டிப் பார்க்காவிட்டாலும் ஸ்மித்தான்.

இதையெல்லாம் தேடிப் பார்க்க எப்படி முடிகிறது? எழுதி வைத்தார்கள்! 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்குக் கோயிலும் பதிவேட்டில் எழுத ஆணையிட்டார். நம் பெரியவர்கள் கேட்டார்களே, எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

ஸ்காட்லாந்தின் கிர்கால்டி ஊரில் ஓர் அம்மா. குழந்தை பிறக்கும் முன்பே கணவர் இறந்துவிட்டார். பிறந்த பிள்ளைக்கு அப்பாவின் பெயரையே வைத்தார். பிள்ளைக்கு மூன்று வயது. தாய்மாமன் வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தவனைக் காணோம்! நாடோடிக் கூட்டம் ஒன்று தூக்கிப் போய்விட்டது. பெற்றவள் என்ன பாடு பட்டிருப்பாள்! அந்த வழியாக ஒரு கூட்டம் போனதாகச் சேதி கிடைக்க, தாய்மாமன் ஆட்களோடு பின்தொடர்ந்து ஓடினார். லெஸ்லி காட்டில் மடக்கிப் பிள்ளையை மீட்டார். அந்தப் பிள்ளைதான் ஆடம் ஸ்மித், பொருளாதாரத்தின் தந்தை! அவர் பிறந்த நாள் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 1723 ஜூன் 5 என்ற ஞானஸ்நானப் பதிவு மட்டும் இருக்கிறது. அந்த ஒரு வரியை யாரோ எழுதினார்.

சரி, எண்ணிக்கைக்கு வருவோம். இங்கிலாந்தில் முதலிடம் ஸ்மித்துக்கே. அமெரிக்காவிலும் அதுதான் முதலிடம்: 2010 கணக்கெடுப்பில் 24 லட்சத்துக்கு மேல். அவர்களில் நூற்றுக்கு 23 பேர் கறுப்பினத்தவர். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? எசமானன் பெயரின் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெரும்பாலும் பெயரே இல்லை. விடுதலைக்குப் பின் 1870இல்தான் அவர்கள் எல்லாரும் பெயரோடு பதிவானார்கள். இன்று அவர்களுடைய வாரிசுகள் முன்னோரைத் தேடினால் அந்த ஆண்டுக்கு முன்னால் சுவர் நிற்கிறது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

நம் கதை என்ன? நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பாவின் இனிஷியல்தான். பேரனின் பெயரில் தாத்தா இல்லை. பாட்டி எங்குமே இல்லை. கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்! அதனால்தான் ‘வீட்டுக்கொரு பெயர் நோட்டு’ என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். தலைவர் அம்மா அவர்களே, பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஸ்கேன் செய்து பாதுகாக்க ஒரு தீர்மானம் போடுங்கள்.

வாசலில் நோட்டுகள் அடுக்கியிருக்கிறோம், வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டியிலிருந்து தொடங்குங்கள். அவர் பிறந்த ஊரையும் கேட்டு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.