அறிக்கையைக் கதவில் ஒட்டுங்கள்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் இவ்வளவு அழகாகப் பேசி என் பிழைப்பைக் கெடுத்துவிட்ட ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் இங்கேயும் தலைகாட்டியிருக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தும் வந்திருக்கும் வீட்டு உரிமையாளர் சங்கச் செயலாளர் அவர்களே, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட பெரியோர்களே, கதவோரம் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். செயலாளருக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

வாடகை வீடுகளுக்கு மாநகராட்சி உரிமம் கொடுத்து ஆய்வும் செய்ய வேண்டுமா என்பது தலைப்பு. மூன்று விஷயங்கள் பேசப்போகிறேன். ஒன்று, உரிமம் எதற்கு. இரண்டு, செலவு யார் தலையில். மூன்று, குடியிருப்பவரின் அந்தரங்கம். அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கதை.

கல்யாணமான புதிதில் நாங்கள் குடிபோன வீட்டில் குளியலறை சுவிட்சைத் தொட்டால் சுரீரென்று இழுக்கும். முதல் நாள் என் கைதான் ஈரம் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மனைவி அலறினாள். வீட்டுக்காரரிடம் போனேன். தங்கமான மனிதர். "சுவரில் ஈரம் சார், வெயில் வந்தால் சரியாகிவிடும்" என்றார். வெயில் வந்தது, ஷாக் போகவில்லை. மூன்றாவது முறை போனபோது எழுந்து உள்ளே போனார். எலக்ட்ரீஷியன் நம்பரைத் தேடுகிறார் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு ஜோடி ரப்பர் செருப்போடு திரும்பி வந்தார். குளியலறை வாசலில் தம் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போடுங்க, ஒன்றும் செய்யாது."

சிரிக்கிறீர்கள். இரண்டு வருடம் அதைப் போட்டுக்கொண்டுதான் குளித்தோம். இடது கால் வார் அறுந்தபோது ஊக்கு குத்தினோம், இரும்பு ஊக்கு! காலி செய்யும்போது, அடுத்து வரப்போகிறவர் வீடு பார்க்க வந்தார். "செருப்பை மறந்துவிட்டீர்களே" என்றார். "அது வீட்டோடு சேர்ந்தது" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். என் அட்வான்ஸ் அவர் கையில் இருந்தது. நானும் சொல்லவில்லை.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற சின்ன பிரேக்கர் ஒன்று இருந்திருந்தால் அந்த ஆணிக்கே வேலை இல்லை. ஆய்வாளர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். புகார் வந்தால்தான் பார்ப்போம் என்பது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். புகார் கொடுக்க வேண்டியவன் வீட்டுக்காரர் தயவில் இருக்கிறானே!

அமெரிக்காவில் ராச்செஸ்டர் என்று ஒரு நகரம். பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியது தெரிந்த பிறகுதான் வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். குழந்தையையே சோதனைக் கருவியாக வைத்திருந்தார்கள்! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்றால் இதைவிட வேறென்ன? 2005-இல் சட்டம் போட்டு, வாடகை வீடு குடியிருக்கத் தகுந்ததுதான் என்று சான்றிதழ் கொடுப்பதற்கான ஆய்வோடு ஈயத்தையும் சேர்த்தார்கள். லண்டனில் நியூஹாம் பகுதி 2013-இல் ஏறக்குறைய எல்லாத் தனியார் வாடகை வீடுகளுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் வாங்க வேண்டிய உரிமத்தை வாங்காமல் வாடகைக்கு விட்டால், கொடுத்த வாடகையைத் திருப்பித் தரச்சொல்லிக் குடியிருப்பவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். செயலாளர் குறித்துக்கொள்கிறார், நல்லது.

சரி, ஆய்வு செய்தாயிற்று. அறிக்கை எங்கே போகும்? அலுவலக அலமாரிக்கு. இதைத்தான் நாங்கள் சில வருடங்களாகக் கத்திக்கொண்டிருக்கிறோம்: அறிக்கையை வாசற்கதவில் ஒட்டுங்கள்! லிஃப்டில் அரை நிமிடம் நிற்கிறோம். அதற்கே உள்ளே சான்றிதழ் மாட்டுகிறார்கள். வருடக்கணக்கில் படுத்துத் தூங்கும் வீட்டுக்கு ஒரு தாள் கூடாதா? வயரிங் எப்போது பார்த்தது, கூரை ஒழுகுகிறதா, அடுத்த ஆய்வு எப்போது. மூன்று வரி போதும். வீடு பார்க்க வருகிறவர் குடியிருப்பவரின் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். கதவில் ஒட்டாத ஆய்வு, திரும்பவும் சொல்கிறேன், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

அந்தரங்கம் பற்றி ஒரே வார்த்தை. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கமாரா என்பவர் தொடுத்த வழக்கில், குடியிருப்பவர் மறுத்தால் ஆய்வாளர் வாரண்ட் இல்லாமல் நுழைய முடியாது என்றது. அவரும் வாடகைக்கு இருந்தவர்தான். அந்தப் பாதுகாப்பு இங்கேயும் இருக்கட்டும். கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டுவதற்கு யாருடைய வாரண்டும் வேண்டாம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். வாசலில் மேஜை மீது மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். செலவு யார் தலையில் என்ற இரண்டாவது விஷயத்தை நன்றியுரை சொல்ல வரும் நண்பர் பேசுவார். அவருக்கு மூன்று வீடு இருக்கிறது.